பிறந்த வீட்டுச் சீதனம்

திருவள்ளூர் வைத்திய வீரராகவப் பெருமாள் கோயில் குளத்தில் நான் சிறு வயதில் கரைத்த வெல்லத்தையெல்லாம் சேர்த்து வைத்திருந்தால், எங்கள் தெரு மளிகைக் கடைக்காரர் பொறாமைப்படும்படியான மூலதனம் ஒன்று இன்று என் கையில் இருந்திருக்கும். அமாவாசைக்கு அமாவாசை பாட்டி என்னை இழுத்துக்கொண்டு போவாள். வழியெல்லாம் நானும் இழுத்துக்கொண்டுதான் போவேன். அவள் இழுத்தது என் கையை. நான் இழுத்தது என் மூச்சை.

குளத்துக்கு ஹிருத்தாபநாசினி என்று பெயர். நெஞ்சின் தாபத்தைத் தீர்ப்பது என்று பொருள். அதில் வெல்லத்தைப் போட்டால், வெல்லம் கரைவது போல வியாதியும் கரைந்து போகும் என்பது எங்கள் ஊர் நம்பிக்கை. பெருமாள் ஒரு கிழவராக வந்து, சாலிஹோத்திர முனிவரிடம், "படுப்பதற்கு எவ்வுள்?" என்று இடம் கேட்டாராம். அதனால்தான் திருவெவ்வுள் என்ற பெயர் என்று பாட்டி சொல்லுவாள். இந்தக் கதையைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு ஓர் எண்ணம் உண்டாகும். இழுப்பு என்கிற இந்த வியாதியும் ஒரு நாள் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்று, "எவ்வுள்?" என்று கேட்டிருக்க வேண்டும். யாரோ யோசிக்காமல் என் நெஞ்சைக் காட்டிவிட்டார்கள்!

காட்டியவர் யார் என்பதுதான் எங்கள் வீட்டில் ஓயாத வழக்கு. பாட்டி அதில் வாதியும் அவளே, நீதிபதியும் அவளே. மழைக்காலத்து ராத்திரிகளில் நான் தலையணையைக் கட்டிக்கொண்டு குந்தியிருப்பேன். நெஞ்சுக்குள் பத்துப் பூனைக்குட்டிகள் கத்தும். அம்மா வெந்நீர்ப் பாத்திரத்தோடு ஓடி வருவாள். பாட்டி பாயில் படுத்தபடியே தீர்ப்புச் சொல்லுவாள்: "எங்க வம்சத்துல யாருக்குடி இந்தச் சனியன் இருந்தது? எல்லாம் உன் பொறந்த வீட்டுச் சீதனம்!"

அம்மா பதில் சொல்லமாட்டாள். அவள் பதில் சொல்லியிருந்தால் வழக்கு அன்றைக்கே தள்ளுபடியாகியிருக்கும். ஏனென்றால் என் தகப்பனார் கல்யாணம் செய்துகொண்டது சொந்த மாமன் மகளை. அம்மாவின் பிறந்த வீடு எது? பாட்டியின் கூடப் பிறந்த தம்பி வீடு. அதாவது, பாட்டியின் பிறந்த வீடும் அதுவேதான்! போதாததற்கு, ஐப்பசி பிறந்தால் தை வரையில் பாட்டிக்கே ஓர் "இருமல்" உண்டு. அது சளி இருமல் என்றும், குளிர் காற்று என்றும், பனி என்றும் பல பெயர்களால் அழைக்கப்படும். இழுப்பு என்று மட்டும் யாரும் சொல்லக்கூடாது.

எழுபது வயதைத் தாண்டிய பிறகு இந்தப் பழைய வழக்கின் கட்டுகளை நான் மறுபடி அவிழ்த்துப் பார்க்கும்படி ஆயிற்று. அதற்குக் காரணத்தைப் பின்னால் சொல்கிறேன். சொல்லுவதற்கு எனக்கே கொஞ்சம் தைரியம் வேண்டியிருக்கிறது. ஆகையால் முதலில் சரித்திரத்தைச் சொல்லி அந்தத் தைரியத்தைச் சம்பாதித்துக்கொள்கிறேன்.

*

எங்கள் ஊர் நாட்டு வைத்தியர் எனக்கு ஆடாதொடைக் கஷாயம் கொடுத்தார். தூதுவளையைத் துவையலாகவும் ரசமாகவும் சாப்பிடச் சொன்னார். ஒன்றுக்கும் மசியாத ராத்திரிகளில் உலர்ந்த ஊமத்தை இலையைச் சுருட்டி நெருப்பு வைத்து, இரண்டே இரண்டு இழுப்பு இழுக்கச் சொல்லுவார். எட்டு வயதுப் பையன் பெரியவர்கள் முன்னிலையில், அவர்கள் உத்தரவின் பேரில், புகை பிடித்த பெருமை எனக்கு உண்டு. தொண்டை வறண்டு, கண் கூசும். ஆனால் நெஞ்சு சற்றே இளகும்.

அந்தச் சுருட்டு உலகம் சுற்றியது என்பது வெகு காலம் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது. ஜேம்ஸ் ஆண்டர்சன் என்ற ஸ்காத்லாந்துக்காரர் சென்னையில் கும்பினியாரின் தலைமை வைத்தியராக இருந்தார். செடி கொடிகளில் அவருக்குப் பித்து. நுங்கம்பாக்கத்தில் பெரிய தோட்டம் போட்டிருந்தார். இழுப்புக்கு ஊமத்தைப் புகை பிடிக்கும் இந்த நாட்டுப் பழக்கத்தைக் கண்டு, அதைத் தம்மிடம் வந்தவர்களுக்கும் சொன்னார். ஜெனரல் ஜென்ட் என்ற சேனாபதி அந்த வழக்கத்தை இங்கிருந்து 1802-ஆம் வருஷம் பிரிட்டனுக்குக் கொண்டு போய், ஸிம்ஸ் என்ற வைத்தியரிடம் சொன்னார். அங்கே கிடைத்த வேறோர் ஊமத்தை இனத்தைக் கொண்டு அவர்கள் அதைப் பரீட்சை செய்தார்கள். சில வருஷங்களுக்குள் ஐரோப்பாவில் ஆஸ்த்மாச் சுருட்டு வியாபாரச் சரக்காகிவிட்டது. பிரெஞ்சு நாவலாசிரியர் மார்ஸல் ப்ரூஸ்த் இழுப்போடு போராடிக்கொண்டே எழுதியவர். அவரும் இப்படிப்பட்ட சுருட்டுகளைப் பிடித்தவர்தான். ஊமத்தையில் உள்ள அட்ரோபீன் இனச் சரக்கைத் திருத்தி அமைத்த மருந்து ஒன்று இன்றைக்கும் ஆஸ்பத்திரிகளில் மூச்சு வழியாகக் கொடுக்கப்படுகிறது. ஆண்டர்சன் 1809-இல் சென்னையிலேயே காலமானார்.

மருந்து இங்கிருந்து அங்கே போனது சரி. பழி சுமத்தும் வித்தையில் மட்டும் அவர்கள் நமக்குக் குறைந்தவர்களாக இல்லை. 1940-களில் சிகாகோவில் பிரான்ஸ் அலெக்ஸாண்டர் என்ற மனோதத்துவ அறிஞரும் அவர் சகாக்களும் ஆஸ்த்மாவுக்கு ஒரு விளக்கம் கொடுத்தார்கள். குழந்தையின் இழுப்பு என்பது தாயை நினைத்து அடக்கிவைத்த அழுகையாம்! தாயின் குணம் சரியில்லை, அதனால் பிள்ளைக்கு மூச்சு முட்டுகிறது என்று நம்பிய வைத்தியர்கள் பலர். என் பாட்டி கிழக்கே பார்த்துச் சொன்னதைச் சிகாகோவில் மேற்கே பார்த்துச் சொன்னார்கள். இரண்டு விரலும் நீண்டது தாயின் பக்கந்தான்.

அமெரிக்காவில் டென்வர் என்ற நகரத்தில், கடுமையான ஆஸ்த்மா உள்ள குழந்தைகளை வீட்டிலிருந்து பிரித்துக் கொண்டுபோய் மாதக்கணக்கில் வைத்திருக்கும் ஒரு விடுதி இருந்தது. பெஷ்கின் என்ற டாக்டர் இந்தச் சிகிச்சைக்கு ஒரு பெயரும் சூட்டினார். உடம்பிலிருந்து குடல்வாலை அறுத்து எடுப்பதைப்போல, குழந்தையிடமிருந்து பெற்றோரை அறுத்து எடுப்பது என்று அதற்குப் பொருள். பல குழந்தைகளுக்கு அங்கே குணம் தெரிந்தது என்பதும் உண்மை. பிரிந்தது தாயை மட்டுமா? வீட்டுத் தூசியையும், வளர்ப்புப் பூனையையும், அப்பாவின் சிகரெட்டுப் புகையையும் பிரிந்து அல்லவா போயின அந்தக் குழந்தைகள்? ஆனால் பூனையை யார் பழி சொல்லுவார்கள்!

*

இதற்கெல்லாம் முன்பே, 1916-இல், நியூயார்க்கில் குக், வாண்டர் வீர் என்ற இரண்டு டாக்டர்கள் வேறொரு காரியம் செய்தார்கள். ஆஸ்த்மாவும் அதைச் சேர்ந்த ஒவ்வாமைகளும் உள்ள 504 பேரை உட்கார வைத்து, "உங்கள் வீட்டில் வேறு யாருக்கு?" என்று கேட்டு எழுதிக்கொண்டார்கள். ஏறக்குறையப் பாதிப் பேரின் குடும்பத்தில் வேறு யாருக்காவது அந்த உபத்திரவம் இருந்தது. நோயில்லாதவர்களைக் கேட்டபோது, ஏழில் ஒருவர் குடும்பத்தில்தான் இருந்தது. ஆகவே வியாதி குடும்ப வழியாக வருவது நிச்சயம். ஆனால் அவர்கள் கண்டதில் ஒரு நுட்பம் உண்டு. தகப்பனுக்குத் தும்மல், மகனுக்கு இழுப்பு, பேத்திக்கு மேலெல்லாம் தடிப்பு. பெற்றவர்கள் கொடுப்பது இன்ன வியாதி என்று அல்ல, ஒரு சுபாவத்தை. ஊர் பேர் தெரியாத மகரந்தத்தையும் தூசியையும் கண்டு உடம்பு பகைவனைக் கண்டதாகப் பதறும் சுபாவம் அது. 1923-இல் குக்கும் அவருடைய நண்பர் கோக்காவும் இதற்கு "அடோபி" என்று பெயர் வைத்தார்கள். கிரேக்க மொழியில் "இடம் தப்பியது" என்பது போன்ற அர்த்தம்.

அந்தச் சுபாவம் எங்கே இருக்கிறது? ரத்தத்திலா, நரம்பிலா? ஜெர்மனியில் 1921-இல் க்யூஸ்ட்னர் என்ற டாக்டருக்கு மீன் ஒத்துக்கொள்ளாது. அவருடைய நண்பர் ப்ராஸ்னிட்ஸ் அவருடைய ரத்தத் தெளிநீரைத் தம் தோலுக்குள் ஏற்றிக்கொண்டு, மறுநாள் அதே இடத்தில் மீன் சத்தையும் ஏற்றிக்கொண்டார். இடம் தடித்துச் சிவந்தது. ஆக, நண்பரின் பகை ரத்தத்தின் வழியாக இவருக்கு வந்துவிட்டது. ஆனால் ரத்தத்தில் உள்ள அந்தப் பொருள் எது என்று கண்டுபிடிக்க இன்னும் நாற்பத்தைந்து வருஷம் ஆயிற்று. இஷிஸாகா என்ற ஜப்பானியத் தம்பதிகள் 1966-இல் அதைப் பிரித்துக் காட்டினார்கள். அடுத்த வருஷம் ஸ்வீடனில் யோஹான்ஸன், பென்னிக் என்ற இருவர் தனி வழியில் அதையே கண்டார்கள். இன்று ஐ.ஜி.ஈ. என்று ரத்தப் பரிசோதனைச் சீட்டில் அச்சிட்டுத் தருகிறார்களே, அதுதான் அது.

இஷிஸாகா தம்பதிகள் எந்த இடத்தில் இருந்து இதைச் செய்தார்கள் என்பதைக் கேட்டால் நேயர்கள் என்னைப்போலவே ஒரு நிமிஷம் பேசாமல் இருந்துவிடுவார்கள். டென்வர் நகரத்தில், அதே ஸ்தாபனத்தில்! குழந்தைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்து வைத்த விடுதி வளர்ந்து, தனக்கென்று ஓர் ஆராய்ச்சிக்கூடமும் ஏற்படுத்திக்கொண்டிருந்தது. தாயின் மனத்தில் குற்றம் தேடிய கட்டடத்தின் பக்கத்திலேயே, குற்றம் மனத்தில் இல்லை, ரத்தத்தில் மிதக்கும் ஒரு துளிப் புரதத்தில் இருக்கிறது என்று ஒரு கணவனும் மனைவியும் கண்டுபிடித்தார்கள்.

*

ரத்தம் என்று சொன்னவுடனே பாட்டி எழுந்து உட்கார்ந்துவிடுவாள். "பார்த்தாயா, வம்சம் என்று நான் சொல்லவில்லையா?" என்பாள். அவளுக்காகவே ஒரு தீவின் கதையைச் சொல்ல வேண்டும்.

தென் அட்லாண்டிக் சமுத்திரத்தின் நடுவே த்ரிஸ்தான் ட குன்யா என்று ஒரு தீவு இருக்கிறது. மனிதர் வாழும் இடங்களில் அதைவிடத் தனித்த இடம் இல்லை. அடுத்த ஊருக்கு இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு மேல் போக வேண்டும். 1816-இல் அங்கே வந்த பிரிட்டிஷ் பட்டாளம் அடுத்த வருஷம் திரும்பியபோது, வில்லியம் கிளாஸ் என்ற சிப்பாய் மனைவி மக்களோடு அங்கேயே தங்கிவிட்டார். பிறகு கப்பல் உடைந்து ஒதுங்கியவர்களும் வேறு சிலரும் சேர்ந்தார்கள். மொத்தம் ஏறக்குறைய பதினைந்து பேரின் சந்ததி அந்த ஊர். தங்களுக்குள்ளேயேதான் கொண்டும் கொடுத்தும் வாழ்ந்தார்கள். நம் அத்தை மகன், மாமன் மகள் சம்பந்தங்களை ஒரு ஊரளவுக்குப் பெருக்கிப் பார்த்துக்கொள்ளலாம். 1961-இல் தீவில் எரிமலை வெடித்தது. சுமார் 260 பேரையும் இங்கிலாந்துக்கு அழைத்து வந்தார்கள். டாக்டர்கள் பரிசோதித்துத் திகைத்துப் போனார்கள். ஏறக்குறையப் பாதிப் பேருக்கு ஆஸ்த்மாவின் அடையாளம்! சுற்றிலும் கடற்காற்று வீசும் தீவில், முதற் குடியேறிகள் சிலரிடமிருந்து வந்த சுபாவம் ஏழெட்டுக் குடும்பங்களுக்குள் சுற்றிச் சுற்றி ஊரையே பிடித்துக்கொண்டது. 1993-இல் டோராண்டோவிலிருந்து ஸமெல் என்ற பேராசிரியரின் குழு அந்தத் தீவுக்கே கப்பலேறிப் போய் ரத்தம் எடுத்து வந்தது.

அதற்குள் மரபணுவைத் தேடும் வேட்டை மும்முரமாகியிருந்தது. 1989-இல் ஆக்ஸ்போர்டைச் சேர்ந்த குக்ஸன் குழுவினர் பதினோராவது குரோமோசோமில் தடயம் கிடைத்தது என்றார்கள். 2002-இல் இருபதாவது குரோமோசோமில் ஒரு மரபணு என்றது வேறொரு குழு. பத்திரிகைகள் ஒவ்வொரு முறையும் "ஆஸ்த்மா மரபணு அகப்பட்டது!" என்று எழுதின. 2007-இல், நோயுள்ள குழந்தைகள் 994 பேரையும் நோயில்லாத 1,243 பேரையும் ஒப்பிட்டு, பதினேழாவது குரோமோசோமில் ஓர் இடத்தைக் காட்டினார்கள் லண்டனில் மோஃபட், குக்ஸன் குழுவினர். சிறு வயதில் தொடங்கும் ஆஸ்த்மாவுக்கு இதுவே மிக உறுதியான தடயம் என்று பிற்கால ஆராய்ச்சிகளும் ஒப்புக்கொண்டன.

ஆனால் வேடிக்கை என்னவென்றால், அந்த இடத்தில் நோய்க்குச் சாதகமான எழுத்து ஐரோப்பியரின் குரோமோசோம்களில் ஏறக்குறையப் பாதியில் இருக்கிறது! ஊரில் பாதியைக் குற்றவாளி என்றால் எந்தப் போலீஸ்காரர் பிடிப்பார்? 2010-இல் பத்தாயிரத்துக்கு மேற்பட்ட நோயாளிகளை வைத்து நடந்த ஆராய்ச்சி, அகப்பட்ட எல்லா மரபணுக்களையும் கூட்டிப் பார்த்தாலும் இன்னாருக்கு ஆஸ்த்மா வரும் என்று ஜோசியம் சொல்ல முடியாது என்று முடித்தது. நுரையீரலின் சக்தி சமாசாரமோ இன்னும் பெரிது. 2023-இல் 5,80,869 பேரிடம் ஆராய்ந்ததில், மூச்சின் அளவைத் தீர்மானிக்கும் தடயங்கள் 1,020 அகப்பட்டன. ஆயிரம் பேர் சேர்ந்து இழுக்கிற தேர் அது. இதில் உன் கை, என் கை என்று எப்படிப் பிரிப்பது?

ஸ்வீடனில் ஏழாயிரம் ஜோடி இரட்டையர்களை விசாரித்து 1971-இல் வெளியிட்ட கணக்கு ஒன்று உண்டு. ஒருவருக்காவது ஆஸ்த்மா இருந்த ஜோடிகளை எடுத்துக்கொண்டால், ஒரே கருவில் பிரிந்த இரட்டையரில் இருவருக்கும் அது இருந்தது நூற்றுக்குப் 19 ஜோடிகளில். வெவ்வேறு கருவில் வந்த இரட்டையரில் அது நூற்றுக்கு 5-க்கும் குறைவு. வித்தியாசம் மரபின் வேலை, சந்தேகமில்லை. ஆனால் அந்த மிச்சம் 81 ஜோடிகளைப் பாருங்கள். எழுத்துக்கு எழுத்து ஒரே மரபு. ஒருவர் இழுக்கிறார், மற்றவர் நன்றாக மூச்சு விடுகிறார்.

நேர்மையாகச் சொல்ல வேண்டிய இன்னொன்றும் இருக்கிறது. பல ஆராய்ச்சிகளைத் திரட்டி 2010-இல் கணக்கிட்டபோது, தாய்க்கு ஆஸ்த்மா இருந்தால் குழந்தைக்கு வரும் வாய்ப்பு சுமார் மூன்று மடங்கும், தந்தைக்கு இருந்தால் சுமார் இரண்டரை மடங்கும் என்று தெரிந்தது. பாட்டி இருந்திருந்தால் அந்த அரை மடங்கைப் பிடித்துக்கொண்டிருப்பாள். கருவில் சுமப்பவள் தாய் என்பதால் இருக்கலாம் அந்த வித்தியாசம். எப்படியிருந்தாலும், இரண்டரை மடங்கைக் கொடுக்கும் தகப்பனை எந்த மாமியாரும் இதுவரையில் விசாரித்ததாக நான் கேள்விப்படவில்லை.

*

தைரியம் வந்துவிட்டது, இனிச் சொல்லிவிடலாம்.

என் மகளுக்கும் சிறு வயதில் இழுப்பு இருந்தது. பன்னிரண்டு வயதுக்கு மேல் தானே தணிந்தது. அவளுக்கு வரன் பார்த்தபோது, பையன் வீட்டார் கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்டார்கள்: "பெண்ணுக்கு உடம்புக்கு ஏதாவது உண்டா?" அதற்கு முன் இரண்டு இடங்களில் உண்மையைச் சொல்லி, இரண்டும் தட்டிப்போயிருந்தன. மூன்றாவது இடத்தில் நான், "ஒன்றும் கிடையாது" என்றேன். வாழ்நாள் முழுதும் நாவல்களில் சத்தியத்தைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியவன் சொன்ன பதில் அது. மகள் தலையைக் குனிந்துகொண்டாள். எல்லோரும் அதை நாணம் என்று நினைத்தார்கள்.

அவள் வாழ்க்கைப்பட்ட இடம் கும்மிடிப்பூண்டி. மாப்பிள்ளைக்குத் தொழிற்பேட்டையில் வேலை. பேத்திக்கு ஐந்து வயதானபோது இழுப்புத் தொடங்கியது. டாக்டர் இன்ஹேலர் எழுதிக் கொடுத்தார். மகள் அதை மாமியார் கண்ணில் படாமல் அரிசி டின்னுக்குள் ஒரு டப்பாவில் வைத்து மறைத்தாள். ஏன் மறைத்தாள்? தகப்பன் சொன்ன பொய்யைக் காப்பாற்றுவதற்காக.

பேத்திக்கு ஏழு வயதாகியிருந்தபோது, பொங்கலுக்கு நான் அங்கே போயிருந்தேன். போகியன்று விடியற்காலை. தெருவெங்கும் பழைய பாய், துடைப்பம், கிழிந்த துணி எரிகிற புகை. மார்கழிப் பனியும் அந்தப் புகையும் கலந்து தரையோடு படுத்திருந்தன. குழந்தை எழுந்து உட்கார்ந்துகொண்டு என் தோளைப் பிடித்தாள். கழுத்தடியிலே குழி விழுந்தது. அந்தப் பூனைக்குட்டிகளின் சத்தத்தை அறுபது வருஷத்துக்குப் பிறகு நான் கேட்டேன். மகள் சமையலறைப் பக்கம் ஓடினாள். ஓடியவள் நிலைப்படியில் நின்றுவிட்டாள். உள்ளே சம்பந்தி அம்மாள் அரிசி டின்னைத் திறந்து வைத்துக்கொண்டு பச்சரிசி அளந்துகொண்டிருந்தார். மகள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். குழந்தையின் உதடு நிறம் மாறிக்கொண்டிருந்தது.

எத்தனை நேரம் அப்படி நின்றோம் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. ஒரு நிமிஷந்தான் இருக்கும். ஒரு நிமிஷம் மூச்சை அடக்கிப் பாருங்கள், அது எவ்வளவு நீளம் என்று தெரியும். நான் எழுந்து போய், சம்பந்தி அம்மாள் எதிரிலேயே அரிசிக்குள் கையை விட்டு, அந்த டப்பாவை எடுத்து வந்தேன்.

மருந்து உள்ளே போய், பிறகு ஆஸ்பத்திரிக்கும் போய், முகத்தில் மூடி வைத்து மருந்துப் புகை கொடுத்து, குழந்தை தூங்கிய பிறகு, வராந்தாவில் உட்கார்ந்து சம்பந்தி அம்மாளிடம் சொன்னேன்: "இது எங்கள் வீட்டு வியாதி. எனக்கு இருக்கிறது, என் மகளுக்கு இருந்தது. அன்றைக்கு நான் பொய் சொன்னேன். பெண்ணைக் கோபிக்காதீர்கள்."

அவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "அந்த டப்பாவ ரெண்டு மாசம் முன்னாடியே பார்த்துட்டேன் அண்ணா" என்றார். "கேட்டா மருமகளைக் குத்திக் காட்டறேன்னு ஆயிடும்னு விட்டுட்டேன். அரிசியில வெச்சா மாவு ஏறிடும். சாமி மாடத்துல வெக்கச் சொல்லுங்க, எல்லாருக்கும் கைக்கு எட்டும்."

என் பொய் எத்தனை பேரை ஊமையாக்கியிருந்தது என்று அப்போதுதான் தெரிந்தது.

*

மறு மாதம் குழந்தையை ஒரு கருவியில் ஊதச் சொன்னார்கள். 1846-இல் ஜான் ஹட்சின்ஸன் என்ற லண்டன் டாக்டர், தீயணைப்புக்காரர், மல்லர், ஏழை எளியவர் என்று இரண்டாயிரம் பேருக்கு மேல் ஊத வைத்து, உயரத்துக்குத் தக்கபடி மூச்சின் அளவு கூடும் என்று கணக்கிட்டார். அந்தக் கருவியின் சந்ததிதான் இது. பிறகு வந்தவர்கள் அதில் ஜாதிக் கணக்கும் சேர்த்தார்கள். வெள்ளையருக்கு இவ்வளவு, மற்றவருக்கு அதில் குறைத்து இவ்வளவு என்று கருவிக்குள்ளேயே கழித்துவிடுவார்கள். சென்னை சேத்துப்பட்டில் இருந்த காசநோய் ஆராய்ச்சி மையத்தார், ஏழு முதல் பத்தொன்பது வயது வரையுள்ள தென்னிந்தியக் குழந்தைகளை ஊத வைத்து, நம் குழந்தைகளின் அளவு இது என்று 2000-இல் வெளியிட்டார்கள். அப்படியொரு அளவு வேண்டியதுதான். ஆனால் குறைந்த அளவில் எவ்வளவு பிறவியில் வந்தது, எவ்வளவு வறுமையிலும் புகையிலும் வந்தது என்று கருவிக்குத் தெரியாது. இனத்தைப் பார்த்துக் கழிக்கும் வழக்கத்தை விட்டுவிடலாம் என்று 2023-இல் அமெரிக்க மார்பு நோய்ச் சங்கத்தாரே சொல்லிவிட்டார்கள்.

மரபு மாற வேண்டுமானால் பல தலைமுறை வேண்டும். ஆனால் பல நாடுகளில் ஆஸ்த்மா ஒரே தலைமுறையில் பெருகிவிட்டது. 1998-இல் 56 நாடுகளின் பிள்ளைகளை ஒரே கேள்வித்தாளால் விசாரித்தபோது, இடத்துக்கு இடம் இருபது மடங்குக்கு மேல் வித்தியாசம் இருந்தது. பெர்லின் சுவர் விழுந்த பிறகு, ஒரே ரத்தமான கிழக்கு மேற்கு ஜெர்மானியக் குழந்தைகளை எரிகா ஃபான் முட்டியுஸ் என்ற டாக்டர் ஒப்பிட்டார். நிலக்கரிப் புகை மண்டிய கிழக்கில்தான் ஆஸ்த்மா அதிகம் இருக்கும் என்று எதிர்பார்த்தார்கள். இருந்ததோ குறைவு! இருமலும் மார்ச்சளியும் கிழக்கில். ஆஸ்த்மாவும் தும்மலும் மேற்கில். அமெரிக்காவில் ஆமிஷ், ஹட்டரைட் என்று இரண்டு குடியானவச் சமூகங்கள். மூதாதையர் ஏறக்குறைய ஒரே பிரதேசத்தார். மாட்டுக் கொட்டிலுக்குப் பக்கத்தில் வளரும் ஆமிஷ் குழந்தைகளில் நூற்றுக்கு 5 பேருக்கு ஆஸ்த்மா. இயந்திரப் பண்ணையிலிருந்து விலகி வளரும் மற்றவர்களில் 21 பேருக்கு. 2016-இல் வந்த கணக்கு இது.

அப்படியானால் கும்மிடிப்பூண்டிப் புகைக்கு விடுதலையா? இல்லை. புகை புதிதாக வியாதியை உண்டாக்குகிறதா என்பது ஒரு கேள்வி. இருக்கிற வியாதியை அது கிளறிவிடும் என்பதில் கேள்வியே இல்லை. பதினேழாவது குரோமோசோமில் சாதகமான எழுத்தோடு பிறந்த குழந்தை, சிறு வயதில் சிகரெட்டுப் புகைக்கு நடுவே வளர்ந்தால் அபாயம் இன்னும் கூடுகிறது என்று 2008-இல் பிரான்ஸில் கண்டார்கள். தமிழ்நாட்டிலேயே, ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்தைச் சேர்ந்த கல்பனா பாலகிருஷ்ணன் குழுவினர் 1,285 கர்ப்பிணிகளைத் தொடர்ந்து பார்த்து 2018-இல் எழுதினார்கள்: ஒரு கன மீட்டர் காற்றில் நுண்தூசி 10 மைக்ரோகிராம் கூடினால், பிறக்கும் குழந்தையின் எடையில் 4 கிராம் குறைகிறது. பிறக்கு முன்பே காற்று கணக்கை ஆரம்பித்துவிடுகிறது. தென் கலிபோர்னியாவிலோ இதற்கு மறுபக்கம் தெரிந்தது. சட்டம் போட்டுக் காற்றைச் சுத்தம் செய்தார்கள். முன்பு பதினைந்து வயதில் நூற்றுக்கு 8 பிள்ளைகளுக்கு மூச்சு குறைந்திருந்தது. பிறகு வந்த பிள்ளைகளில் அது 4-க்கும் கீழே இறங்கிற்று என்று 2015-இல் எழுதினார்கள். அந்தப் பிள்ளைகளின் பாட்டன் பாட்டி யாரும் மாறவில்லை. காற்றுதான் மாறியது.

திருவள்ளூர் ஜில்லா 1997-இல்தான் தனி ஜில்லா ஆயிற்று. தெற்கே கோயில் குளம். வடக்கே இரும்பு உருக்கும் உலைகள். கீழ்க்கரையில் அனல் மின்நிலையத்தின் சாம்பல். என் பாட்டி காலத்தில் கேட்ட கேள்வி, "எந்த வீட்டிலிருந்து வந்தது?" என்பது. அதற்கு எல்லா வீட்டிலிருந்தும் என்று இன்று பதில் கிடைத்துவிட்டது. பதில் கிடைத்த கேள்வியை விட்டுவிட்டு, "எந்தக் காற்றை இழுக்கிறது?" என்று கேட்கலாம். ஏனென்றால் பாட்டனை மாற்ற முடியாது, காற்றை மாற்றலாம்.

போன தை அமாவாசைக்குப் பேத்தியை அழைத்துக்கொண்டு கோயிலுக்குப் போனேன். சம்பந்தி அம்மாளும் வந்திருந்தார். குழந்தையின் கையில் ஒரு வெல்லக்கட்டி கொடுத்தார். அவள் படியில் உட்கார்ந்து, தண்ணீருக்குள் கையை விட்டு, அது கரைந்து தீருகிற வரையில் பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தாத்தா, வெல்லம் எங்கே போச்சு?" என்றாள்.

"தண்ணீரில்தான் இருக்கிறது, அம்மா. கண்ணுக்குத் தெரியாது" என்றேன்.

சம்பந்தி அம்மாள் தம் கைப்பையைத் திறந்து பார்த்துக்கொண்டார். இன்ஹேலர் அதில் இருந்தது.